தண்ணீர்த் துளி படம்: ஷட்டர் 1/4000 வைத்தும் துளிக்கு வால் விழுகிறது, என்ன செய்வது?

ரங்கூன் தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். மழை விடாமல் கொட்டுவதால் வெளியே கேமராவை எடுக்க முடியவில்லை. அதனால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர்த் துளி விழுவதைப் படம் எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், அதற்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் (நெருங்கி எடுக்க உதவும் வளையம்), தனியாக ஒரு பிளாஷ். ஒரு ட்ரேயில் தண்ணீர், அதற்கு அரை மீட்டர் மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பை. இவ்வளவுதான் ஏற்பாடு.

ஷட்டரை 1/4000 நொடியில் வைக்கிறேன். பிளாஷில் ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டரோடும் பிளாஷ் வேலை செய்ய வைக்கும் வசதி) போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் படத்தில் பாதி கறுப்பாகிவிடுகிறது. அப்படியும் விழும் துளி கூர்மையாக இல்லை, மேலும் கீழும் இழுத்துவிட்ட மாதிரி வால் தெரிகிறது. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு) 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கிறது, படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கிறது. 1/4000 என்பது வேகமான ஷட்டர்தானே? லென்ஸ் சரியில்லையா? மாலையில் கரண்ட் இருக்கிற நேரத்துக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவும் நேரம் கிடைப்பதில்லை.

கம்பவுண்டர் மகன்:

அக்கா, பையை முதலில் தூக்கிப் போடுங்கள். மருந்துக் கடையில் புது சலைன் செட் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. ஊசியைக் கழற்றிவிட்டு டியூபை ஏதாவது கம்பியில் கட்டித் தொங்கவிட்டால், அதிலிருக்கிற உருளையைத் திருகியே நொடிக்கு ஒரு துளி, இரண்டு துளி என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கான சாதாரண செட்டில் 20 துளிக்கு 1 மில்லி கணக்கு. நொடிக்கு ஒரு துளி விட்டால் பத்து நிமிடத்துக்கு 30 மில்லிதான் செலவாகும். மேலே இருக்கும் பாத்திரம் அகலமாக இருந்தால் தண்ணீர் மட்டம் அவ்வளவாக இறங்காது, துளியின் வேகமும் மாறாது. பையில் போட்ட ஓட்டை அப்படி இல்லை, ஒரு தடவை ஒழுகும், ஒரு தடவை நின்றுவிடும்.

வால் எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் யாராவது சொல்லட்டும்.

பழைய டார்க்ரூம்:

தங்கச்சி, லென்ஸ் மேல் பழி போட வேண்டாம். கோளாறு ஹை ஸ்பீட் சிங்க்கில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 3 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக வேகத்தில் இருக்கும். 1/4000 நொடியில் அது முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நீங்கள் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டு நெருங்கி எடுப்பதால் சுமார் 6 சென்டிமீட்டர் அகலமான இடம் படத்தை நிறைக்கிறது என்று வையுங்கள். 24 மெகாபிக்சலில் அகலவாக்கில் 6000 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 100. முக்கால் மில்லிமீட்டர் என்றால் 75 பிக்சல். நீங்கள் பார்க்கும் வால் அதுதான். அதற்கு மேல், ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவிலுள்ள சந்து சென்சார் முழுக்க நகர்ந்து முடிப்பதற்குள் துளி இன்னும் கீழே போய்விடும். அதனால் துளியின் உருவமே கொஞ்சம் கோணும்.

இந்த வேலையில் துளியைப் பிடிப்பது ஷட்டர் இல்லை, பிளாஷ். இருட்டறையில் பிளாஷ் எரிகிற நேரம் மட்டுமே சென்சாரில் பதியும். முழுச் சக்தியில் அது ஏறக்குறைய 1/1000 நொடி எரியும், சில பிளாஷில் இன்னும் நீளம். சக்தியைக் குறைக்கக் குறைக்க எரியும் நேரமும் குறைந்துகொண்டே வரும். 1/32 சக்தியில் 1/10000 நொடிப் பக்கம் போய்விடும், 1/128-இல் பல பிளாஷ்கள் 1/20000-ஐத் தொடும். மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் போக்கு இதுதான். ஹை ஸ்பீட் சிங்க்கில் நடப்பது நேர் எதிர். ஷட்டர் ஓடும் நேரம் முழுக்க பிளாஷ் படபடவென்று தொடர்ந்து எரியும். சாதாரண விளக்கு போட்டு எடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வெளிச்சமும் அதில்தான் வீணாகிறது.

ஆகவே ஹை ஸ்பீட் சிங்க்கை அணைத்துவிட்டு ஷட்டரை 1/200-க்கு இறக்குங்கள், பாதி கறுப்பாவது நின்றுவிடும். பிளாஷை மேனுவலில் 1/32 சக்தி, ஐஎஸ்ஓ 400, லென்ஸின் துவாரம் எஃப் 11. அறையில் விளக்கு எதுவும் வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டால் பிளாஷின் சக்தியைக் கூட்டாதீர்கள், பிளாஷை நெருக்கமாகக் கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. பிளாஷ் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுவிடுங்கள், தண்ணீர் தெறிக்கும்.

பெகு வண்டிக்காரன்:

பிளாஷ் இல்லாமலும் வரும் அண்ணே. எங்கள் வீட்டு பால்கனியில் வெயில் நேராக விழும் நேரத்தில் 1/2000 வைத்து எடுத்திருக்கிறேன், தண்ணீரிலிருந்து எழும் தூண் அழகாக வந்தது. எல்லோரும் பிளாஷ் வாங்க வேண்டும் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

பழைய டார்க்ரூம்:

தம்பி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அது தூணுக்கு மட்டும். தூண் மேலே ஏறி, திரும்பி இறங்கப்போகும் அந்தக் கணத்தில் உச்சி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அப்போது 1/2000 போதும். விழுந்துகொண்டிருக்கும் துளிக்கும், சுற்றித் தெறிக்கும் கிரீடத்துக்கும் வெயில் உதவாது. அப்புறம், இந்த ஆடி மழையில் ரங்கூனில் வெயிலுக்கு எங்கே போவது?

ரங்கூன் தூறல்:

அண்ணே, மிக்க நன்றி. சொன்னபடியே செய்தேன். துளி கண்ணாடிக் குண்டு மாதிரி வருகிறது! 1/64-க்கு இறக்கி, பிளாஷை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். ஐஎஸ்ஓ 400-லேயே நிற்கிறது. சலைன் செட்டும் வாங்கிவிட்டேன், தம்பிக்கு நன்றி.

இப்போது வேறு மூன்று தொல்லை. நான் அமுக்கும்போது பெரும்பாலும் துளி விழுந்து முடிந்து வெறும் வட்டம்தான் இருக்கிறது. சில படங்களில் துளி சரியான இடத்தில் இருந்தும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழுகிறது. மூன்றாவதுதான் விசித்திரம். துளி விழுவதற்கு முன்பே தண்ணீர் மேல் மெல்லிய கோடு கோடாகத் தெரிகிறது, தினமும் இல்லை, சில நாள் மட்டும்.

மோல்மேன் மழை:

அந்தக் கோடு, கரண்ட் போன நேரத்தில் எடுத்த படங்களிலா? கீழ் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறதா?

ரங்கூன் தூறல்:

ஆமாம் அக்கா! கீழே கடைக்காரர் ஜெனரேட்டர் போடுவார். நாங்கள் மூன்றாவது மாடி, அவ்வளவு தூரம் வருமா?

மோல்மேன் மழை:

வரும். தரையில் கால் வைத்தால் தெரியாத அதிர்வுகூட ட்ரேயில் தெரிந்துவிடும், பிளாஷ் பக்கவாட்டில் அடிப்பதால் இன்னும் எடுப்பாகத் தெரியும். மேசையை விட்டுவிட்டு, சுவரோரமாகத் தரையில் வையுங்கள். கொஞ்சமாகக் காற்றடித்த சைக்கிள் டியூப், அதன் மேல் ஒரு பலகை, பலகை மேல் ட்ரே. எனக்கு இதில் நின்றுவிட்டது. ஃபேனையும் அணையுங்கள்.

எனக்கு விழும் துளியைவிடத் தொங்கும் துளிதான் பிடிக்கும். ஒரு புல்நுனியில் துளியைத் தொங்கவிட்டு, பின்னால் சில அங்குலம் தள்ளிப் பூவை வைத்தால், துளிக்குள் அந்தப் பூ தலைகீழாகத் தெரியும். துளியே ஒரு லென்ஸ். பூவைத் தலைகீழாக வைத்தால் உள்ளே நேராக வரும். தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்தால் துளி சீக்கிரம் காயாது. ஃபோகஸ் பின்னால் இருக்கிற பூவில் வேண்டாம், துளிக்குள் தெரியும் பூவில் வைக்க வேண்டும். அவசரமே இல்லாத வேலை இது.

பழைய டார்க்ரூம்:

ஜெனரேட்டரை அக்கா பிடித்துவிட்டார்கள், அது எனக்குத் தோன்றவே தோன்றாது.

ஃபோகஸுக்கு ஆட்டோவை நம்ப வேண்டாம், பாய்ந்து போகிற துளியை அது பிடிக்காது. துளி விழும் இடத்தில் ஒரு மரைஆணியைத் தலைகீழாக நிறுத்துங்கள், துளி அதன் முனையில் நேராக விழும்படி ட்ரேயை நகர்த்துங்கள். ஆணியின் மரையில் ஃபோகஸ் செய்து லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, ஆணியை எடுத்துவிடுங்கள். அதன்பின் ட்ரைபாடைத் தொடவே கூடாது. எஃப் 11, எஃப் 16 போதும். அதற்கு மேல் மூடினால் மொத்தப் படமும் மங்கலாகிவிடும்.

நேரம் தவறுவதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. துளி டியூபை விட்டுக் கழன்றதைப் பார்த்ததும் அமுக்குகிறீர்கள். உங்கள் விரலும் கேமராவும் சேர்ந்து நொடியில் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும், அதை மாற்றுவது கஷ்டம். ஆனால் துளி விழும் நேரத்தை மாற்றலாம். 30 சென்டிமீட்டரிலிருந்து விழ 0.25 நொடி, 50-இலிருந்து 0.32, 80-இலிருந்து 0.40. எப்போதும் தாமதமாகவே அமுக்குகிறீர்கள் என்றால் டியூபை உயர்த்துங்கள், முந்திவிட்டால் தாழ்த்துங்கள். பத்துப் படம் எடுத்து, உயரத்தை மாற்றி, மறுபடி பத்து. லைவ் வியூ (பின்பக்கத் திரையில் பார்த்து எடுப்பது) வேண்டாம், வ்யூஃபைண்டர் வழியாகவே எடுங்கள், பல கேமராக்களில் லைவ் வியூவில் தாமதம் கூடும். சிவப்புக் கண் நீக்கும் வசதி, டிடிஎல் (பிளாஷின் அளவைக் கேமராவே கணக்கிடும் வசதி) இரண்டும் அணைந்திருக்க வேண்டும், அவை முன்னாலேயே ஒரு தடவை மின்னித் தாமதம் செய்யும்.

தண்ணீரின் ஆழமும் முக்கியம். தூண் வேண்டுமானால் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். கிரீடம் வேண்டுமானால் தட்டில் மெல்லிய படலமாக மட்டும் ஊற்றுங்கள். அமெரிக்காவில் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஹரால்ட் எட்கர்டன் 1957-இல் எடுத்த பால் கிரீடப் படம் அப்படி மெல்லிய படலத்தின் மேல் விழுந்த துளிதான். தண்ணீரைவிடப் பாலில் கிரீடத்தின் விளிம்பு தெளிவாகத் தெரியும், காரணம் பால் ஒளியை ஊடுருவ விடாது.

கம்பவுண்டர் மகன்:

பின்னணிக்கு என்ன வைக்கிறீர்கள் அக்கா? நான் லுங்கித் துணியைத் தொங்கவிட்டேன், கட்டம் கட்டமாகத் துளிக்குள் தெரிந்தது.

ரங்கூன் தூறல்:

வெள்ளை சார்ட் பேப்பர்தான். பிளாஷை நேரே தண்ணீர் மேல் அடிக்காமல் பேப்பர் மேல் அடித்தால் துளியின் ஓரம் கறுப்பாக, உள்ளே வெளிச்சமாக வருகிறது. பேப்பர் மேல் நீலக் கலர் கண்ணாடித்தாள் ஒட்டினால் தண்ணீரே நீலமாகிவிடுகிறது.

அண்ணே, டியூபை ஒரு முழம் உயர்த்தியதும் தூண் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. இனி ஒரே ஒரு சந்தேகம். எழும் தூணின் உச்சியில் இரண்டாவது துளி மோதி, குடை மாதிரி விரிகிற படம் பார்த்திருக்கிறேன். சலைன் செட்டிலேயே அது வருமா?

பழைய டார்க்ரூம்:

உருளையைக் கொஞ்சம் தளர்த்தி, துளிகள் கிட்டத்தட்டத் தாரையாகும் நிலைக்குக் கொண்டுவந்தால் எப்போதாவது ஒன்று மோதும். அது அதிர்ஷ்டம்தான். திரும்பத் திரும்ப வேண்டுமானால் ஒரு சின்ன சோலினாய்டு வால்வும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) ஓர் ஆர்டுயினோ போர்டும் (நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை) தேவை. முதல் துளியை விட்டு, சில பத்து மில்லிநொடி கழித்து இரண்டாவதை விட்டு, அப்புறம் பிளாஷை அடிக்கும்படி எழுதலாம். இரண்டு துளிக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஐந்து ஐந்து மில்லிநொடியாக மாற்றிப் பார்த்தால் குடை விரியும் இடம் பிடிபடும். தண்ணீரில் சிட்டிகை குவார் கம் (தண்ணீரைக் கெட்டியாக்கும் கொத்தவரை விதைப் பொடி) கலந்தால் குடை கிழியாமல் விரியும்.

வால்வு 12 வோல்ட்டில் ஓடுவதாக வாங்குங்கள். கரண்ட் போனால் விளக்குக்கு வைத்திருக்கும் பேட்டரியும் 12 வோல்ட்தானே, அதிலேயே ஓட்டிக்கொள்ளலாம். ஆர்டுயினோவின் காலிலிருந்து வால்வுக்கு நேராக வயர் இழுத்துவிடாதீர்கள், போர்டு போய்விடும், நடுவில் ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வேண்டும். வால்வின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள், அதன் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவில் இருக்க வேண்டும்.