பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள்: வேப்பிலைக் கறையும் பிளாஸ்டிக் உறையும்

கேள்வி (சத்துவாச்சாரி, வேலூர்)

வணக்கம். என் தந்தையார் சேர்த்து வைத்த காமிக்ஸ் இதழ்கள் ஏறத்தாழ நூற்று நாற்பது என்னிடம் உள்ளன. பெரும்பாலானவை 1970களின் பிற்பகுதியில் வந்த முத்து காமிக்ஸ். மற்றவை லயன் காமிக்ஸ் 1984இல் தொடங்கிய பின் வந்த முதல் சில ஆண்டுகளின் இதழ்கள். அவர் மறைந்த பிறகு, இரசாயனம் எதுவும் வேண்டாம் என்று எண்ணி, பக்கங்களுக்கு நடுவே வேப்பிலைகளை வைத்து, கடையில் வாங்கிய மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, பரண்மேல் தகரப் பெட்டியில் வைத்தேன். இரண்டு மழைக்காலங்கள் கழித்துத் திறந்தபோது இலை இருந்த இடங்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. சில அட்டைகளின் மை உறையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்டேப்ளர் பின் குத்திய இடங்களில் துரு பரவியிருந்தது. இராமபாணப் பூச்சிகளும் ஓடின. கிழிந்த முதுகுகளை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்த மைதாப் பசையால் ஒட்டலாம் என்று பைண்டிங் செய்பவர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள்களைக் கொண்டே இவற்றைக் காக்க விரும்புகிறேன்.

பதில் (காட்பாடி)

வணக்கம் சகோதரி. முதலில், மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்று பைண்டிங் பசையில் அதைச் சேர்ப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். ஆனால் அதிலுள்ள செம்பு காகித இழைகள் சிதைவதை விரைவுபடுத்தும். சுத்தமான மைதா மாவையோ கூகைக்கிழங்கு மாவையோ நீரில் காய்ச்சி, அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து, மெல்லப் பூசி, நன்றாக உலரவிட்டால் போதும். செலோடேப்பைக் கையிலும் எடுக்காதீர்கள்.

இந்த இதழ்கள் அச்சான செய்தித்தாள் காகிதம் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்ற, மர இழைகளைப் பிணைக்கும் பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறும். காகிதம் தனக்குள்ளேயே அமிலத்தையும் உண்டாக்கிக்கொள்ளும். இதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தத்தான் முடியும். வெப்பமும் ஈரமும் அதை விரைவாக்குகின்றன. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், தளத்தை ஒட்டிய பரண் இதற்கு மிக மோசமான இடம். வெளிச்சுவரைத் தொடாத உள்ளறை அலமாரியின் நடுத்தட்டுக்கு இன்றே மாற்றுங்கள்.

வேப்பிலை கெடுத்தது அதிலிருந்த ஈரத்தாலும் சாற்றாலும்தான். வேம்போ வசம்போ வைக்க விரும்பினால் முழுவதும் உலர்த்தி, துணி முடிச்சாகக் கட்டி, அலமாரியின் மூலையில் வையுங்கள். பக்கங்களைத் தொட வேண்டாம். பாச்சை உருண்டை நம் மூச்சுக்கும் கேடு, அதையும் தவிருங்கள்.

உயிரோடு இருக்கும் பூச்சிகளுக்கு மருந்து தேவையில்லை. ஈரமாக இல்லாத இதழ்களைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, கடுங்குளிர்ப் பெட்டியில் (ஃப்ரீசர்) மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காகிதத்தின்மேல் நீராகப் படியும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. துருப்பிடித்த பின்களையும், உறைக்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது என்பதையும் சொல்ல வேண்டுகிறேன். குடியாத்தத்தில் தறியில் நெய்த காடாத்துணி வாங்கி வைத்திருக்கிறேன்; அதில் சுற்றலாமா?

பதில் (குடியாத்தம்)

சுற்றலாம் அம்மா, ஆனால் புதுத்துணியை அப்படியே சுற்றினால் பூச்சிக்கு நீங்களே விருந்து வைத்தது போலாகும். பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி போட்டுத்தான் நெய்கிறோம், இராமபாணத்துக்குக் கஞ்சிமாவு மிகவும் பிடித்த உணவு. வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி, கஞ்சி முழுவதும் போன பிறகு வெயிலில் மொறமொறவென்று காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

பதில் (காட்பாடி)

குடியாத்தத்து நண்பர் சொன்னது எனக்கே தோன்றாத ஒன்று. பின்களை இழுத்துப் பிடுங்காதீர்கள். இதழின் நடுப்பக்கத்தைத் திறந்து, மடங்கிய கால்களைத் தட்டையான மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, உள்ளிருந்து முதுகுப்புறமாக மெல்லத் தள்ளி எடுங்கள். துருத்தூளை மென்தூரிகையால் தட்டிவிட்டு, அதே துளைகள் வழியே வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடலாம்.

மை ஒட்டியது பெரும்பாலும் பிவிசி உறையாக இருக்கும். அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பசை நாளடைவில் கசிந்து மையைக் கரைக்கும். உறையின் ஒட்டாத பகுதியைக் கத்தரித்து நீக்குங்கள், ஒட்டியதை வலிந்து உரிக்காதீர்கள். புதிய உறைக்குப் பருத்திக் கந்தலில் செய்த, அமிலமற்ற கைக்காகிதம் நல்லது. புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகித ஆலையில் பருத்திக் காகிதம் செய்கிறார்கள். அமிலமற்றது என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மிகவும் நொறுங்கிய நாலைந்து இதழ்களுக்கு மட்டும் பாலியெஸ்டர் உறை போடுவதில் தவறில்லை என்பது என் கருத்து; அதுவும் பிளாஸ்டிக்தான், ஆனால் எதையும் கசியவிடாது, புரட்டாமலே அட்டையைப் பார்க்கவும் முடியும்.

கேள்வி கேட்டவர்

துணியை மூன்று முறை அலசிவிட்டேன். மூன்றாம் முறையும் தண்ணீர் சற்றே கலங்கலாக இருந்ததால் நாளை மீண்டும் அலசுகிறேன். இதழ்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன. முதல் இருபது இப்போது கடுங்குளிர்ப் பெட்டியில் இருக்கின்றன.