கமாண்டோ பிரைமரி கேஸ்: சீல் மாத்தியும் ஒழுகுது, ஊத்தினதைவிட அதிகமா ஆயில் இருக்கு

கமாண்டோ72:
வண்டி 1972 நார்ட்டன் கமாண்டோ 750. பிரைமரி கேஸோட (இன்ஜின்ல இருந்து கிளட்ச்சுக்குப் போற செயின் இருக்கிற பெட்டி) அடி விளிம்புல ஆயில் சொட்டுது. வெளி மூடியோட ரப்பர் சீல் ரெண்டு தடவை மாத்தியாச்சு. ரெண்டாவது தடவை சிலிகானும் தடவினேன், ஒரு வாரம் நின்னுச்சு, மறுபடி ஆரம்பம்.

குழப்பம் இதுதான்: அளந்து 200 மிலி ஊத்தினேன். மூணு வாரம் நிறுத்தி வெச்சு, ஸ்டார்ட் பண்ணி 30 கிமீ ஓட்டிட்டு மூடியைக் கழட்டினா தட்டுல 340 மிலி விழுது. டாப் கியர்ல கிளட்ச் வழுக்குது. மூடி நெளிஞ்சிருக்கா?

பழையஇரும்பு:
மூடியை விடுங்க நண்பா. கீழே சொட்டினது போகவே 340 இருக்குன்னா, வேற எங்கிருந்தோ ஆயில் உள்ளே வந்துகிட்டு இருக்கு. எந்த ரப்பர் போட்டாலும் பெட்டி நிரம்பினா வழியத்தான் செய்யும்.

அந்தப் பெட்டிக்குள்ள ஆயில் வர ரெண்டு வாசல்தான். ஒண்ணு, இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்கு (செயினை ஓட்டுற பல்சக்கரம்) பின்னால, கிராங்க் ஷாஃப்ட் வெளியே வர இடத்துல இருக்கிற கிராங்க் சீல். இன்னொண்ணு, கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட். அது உள்ளே குழாய் மாதிரி. கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கிற புஷ்ராடு அது வழியாப் போகுது. கியர் ஆயில் அந்த ராடை ஒட்டியே ஊர்ந்து வந்து நேரா கிளட்ச் பிளேட்டுல இறங்கும். அதுக்கு எந்த மூடியும் காரணமில்ல.

எந்த வாசல்னு மூக்கே சொல்லும். எடுத்த ஆயிலை வெள்ளைக் காகிதத்துல ஒரு சொட்டு விடுங்க. கறுப்பா, தண்ணியா, லேசா பெட்ரோல் வாடையோட இருந்தா இன்ஜின் ஆயில். தேன் மாதிரி கெட்டியா கந்தக நாத்தம் அடிச்சா கியர் ஆயில்.

கமாண்டோ72:
பார்த்தேன் அண்ணா. கறுப்பு, பெட்ரோல் வாடை. கந்தக வாடை இல்ல. ஆயில் டேங்க்லயும் மட்டம் இறங்கியிருக்கு. இன்னொரு குரூப்ல ஒருத்தர், "அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டில கிராங்க் சீலே கிடையாது, அப்படித்தான் இருக்கும்"னு சொன்னார்.

டிரைசம்ப்:
அவர் சொன்னது ட்ரையம்ஃப் 650க்கு. 1970 மாடல்ல இருந்து அதுல அந்தப் பக்க சீலை எடுத்துட்டு, மூணு சின்ன ஓட்டை போட்டு, கிராங்க்கேஸ் (கிராங்க் சுத்துற இன்ஜின் அடிப்பெட்டி) காத்தை பிரைமரி வழியாவே வெளியே விட்டாங்க. ஓட்டை இருக்கிற உயரம்தான் அதுல ஆயில் மட்டம். கமாண்டோ அப்படி இல்ல, பிரைமரி தனிப் பெட்டி. இன்ஜின் ஆயில் அதுக்குள்ள வரவே கூடாது.

உங்க வண்டி விஷயத்துல "மூணு வாரம் நிறுத்தி வெச்சேன்" என்பதுதான் துப்பு. ஆயில் டேங்க் மேலே, பம்ப் கீழே. பம்ப் கியர்ல தேய்மானம் இருந்தா, நிறுத்தின வண்டில ஆயில் அது வழியா மெதுவா கசிந்து கிராங்க்கேஸை நிரப்பும். அடுத்த தடவை கிக் அடிச்சதும் பிஸ்டன் கீழே இறங்குறப்ப காத்தும் ஆயிலும் சேர்ந்து கிராங்க் சீலை முட்டும். வயசான சீல் உதடு வழிவிடும். அதனால சீலை மட்டும் மாத்தினா புதுச் சீலும் கொஞ்ச நாள்ல இதே கதிதான்.

உறுதி பண்ண: நல்லா ஓட்டி சூடாக்கி, டேங்க் மட்டத்தைக் குச்சியில குறிச்சு வைங்க. ஒரு வாரம் கழிச்சு, ஸ்டார்ட் பண்ணாம, கிராங்க்கேஸ் டிரெய்ன் போல்ட்டைத் திறந்து விழுறதை அளங்க.

கமாண்டோ72:
ஏழு நாள்ல 600 மிலி! டேங்க்ல இருந்து வர பைப்புல ஒரு ஒருவழி வால்வு போட்டுடலாமா?

ஃபீலர்கேஜ்:
வேண்டாம் சார். ஸ்பிரிங் வால்வு திறக்கிறதுக்கே பம்ப் உறிஞ்சணும். ஏற்கெனவே தேய்ஞ்ச பம்ப், குளிர்ந்த கெட்டி ஆயில். வால்வு திறக்கத் தாமதமானா பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்க்கோட சேர்ற பேரிங்) வறண்டு போகும். சொட்டுக்குப் பயந்து கிராங்க்கை இழக்கிற வேலை.

டிரைசம்ப்:
வால்வு விஷயத்துல உடன்படுறேன். ஆனா பைப்புல கையால திருப்பி மூடுற டேப் (குழாய்த் திருகு), அதோட மூடியிருந்தா இக்னிஷன் வராத மாதிரி சுவிட்ச் சேர்த்துப் போட்டா ஒத்துக்கலாம். சுவிட்ச் இல்லாத டேப் மட்டும் யாரும் போடாதீங்க, மறந்து கிக் அடிக்கிற ஒரு நாள் வரும்.

நிரந்தரத் தீர்வு பம்ப்தான். கழட்டி, கியர் முகத்துக்கும் மூடித் தகட்டுக்கும் உள்ள ஆட்டத்தைப் பாருங்க. கண்ணாடிப் பலகை மேல மெல்லிய எமரி காகிதம் விரிச்சு, பம்ப் உடலை எட்டு வடிவத்துல தேய்ச்சு ஆட்டத்தை எடுக்கலாம். கையால சுத்துறப்ப பிசுக்குன்னு சீரா சுத்தணும், எங்கேயும் பிடிக்கக் கூடாது. டைமிங் கவருக்குள்ள பம்ப் வாயில உட்காருற கூம்பு ரப்பரை கண்டிப்பா புதுசு போடுங்க.

பழையஇரும்பு:
கிராங்க் சீலுக்கு கிராங்க்கேஸைப் பிளக்க வேண்டாம், வெளியே இருந்தே எடுக்கலாம். ஆனா முன்னாடி இருக்கிற எல்லாம் கழலணும்: ஸ்டேட்டர், ரோட்டர் (கரண்ட் தயாரிக்கிற ரெண்டு பாகம்), கிளட்ச், ஸ்ப்ராக்கெட், கடைசியா உள் கேஸ்.

கிளட்ச்ல ஒரு எச்சரிக்கை. கமாண்டோவோட தட்டு மாதிரி இருக்கிற டயஃபிரம் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற டூல் இல்லாம அந்தப் பெரிய வளையக் கிளிப்பைத் தொடாதீங்க. ஸ்குரூடிரைவரால நெம்பினா ஸ்பிரிங் முகத்துக்கு வரும். டூலோட நடு போல்ட்டை ஸ்பிரிங் தட்டையாகிற வரைக்கும் இறுக்கணும். அப்ப கிளிப் தானா தளரும்.

ஸ்ப்ராக்கெட் டேப்பர்ல (கூம்பான ஷாஃப்ட் முனை) உட்கார்ந்திருக்கு, இழுத்து எடுக்கிற புல்லர் வேணும். சுத்தியலால அடிச்சா பேரிங்குக்குத்தான் வலி. ஸ்ப்ராக்கெட், செயின், கிளட்ச் டிரம் மூணையும் ஒண்ணாவே இழுத்து எடுங்க. ஷிம் (மெல்லிய இடைத்தகடு), சாவிக்கட்டை (சக்கரத்தை ஷாஃப்ட்டோட பூட்டுற துண்டு) எல்லாம் வந்த வரிசையிலயே கம்பியில கோத்து வைங்க.

பழைய சீலோட தகட்டுல ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, செல்ஃப்-டேப்பிங் ஸ்குரூ ஏத்தி, பிளையரால மாறி மாறி இழுத்தா வந்துடும். டிரில் பிட்டுல கிரீஸ் தடவிக்கோங்க, தூள் அதுல ஒட்டிக்கும், பேரிங் பக்கம் போகாது. புதுச் சீலோட ஸ்பிரிங் தெரியிற பக்கம் இன்ஜினைப் பார்க்கணும். உதட்டுல ஆயில் தடவி, சாவிக்கட்டைப் பள்ளத்து விளிம்பு கிழிக்காம இருக்க ஷாஃப்ட்டுல மெல்லிய பிளாஸ்டிக் காகிதம் சுத்தி உள்ளே தள்ளுங்க.

ஃபீலர்கேஜ்:
திரும்பப் பூட்டுறப்ப நிறைய பேர் கோட்டை விடுற இடம் நடு ஸ்டட் (நடு நட் ஏறுற திருகுக் கம்பி). உள் கேஸை இன்ஜினோட மூணு போல்ட்டால இறுக்கின பிறகு, நடு ஸ்டட் பக்கம் கேஸுக்குப் பின்னால இடைவெளி இருக்கான்னு பாருங்க. இருந்தா அதே கனத்துக்கு வாஷர் போட்டு நிரப்பணும். நிரப்பாம நட்டைத் திருகினா உள் கேஸ் வில்லா வளையும், வெளி மூடி விளிம்பு அதோட ஒட்டவே ஒட்டாது. மூடி நெளிஞ்சிருக்கான்னு கேட்டீங்களே, பல வண்டில நெளிஞ்சது இதுதான்.

வெளி ரப்பர் சீலுக்கு சிலிகானே வேண்டாம். ஈரச் சிலிகான் மேல ரப்பர் வழுக்கிப் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கும். பழைய சிலிகானை மரக் குச்சியால சுரண்டுங்க, பிளேடு அலுமினியத்துல கோடு போடும். ரெண்டு முகத்தையும் தின்னரால துடைச்சு, சீலைக் காய்ஞ்சபடியே உட்கார வைங்க. நடு நட்டை மூடி அமர்ற வரைக்கும் இறுக்கினா போதும்.

மத்த அளவுகள்: பிரைமரி செயின் தளர்வு 3/8 அங்குலம், அதாவது சுமார் 10 மிமீ. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, செயின் இறுக்கமா வர இடத்துல அளங்க. கியர்பாக்ஸை நகர்த்தினா பின் செயினும் மாறும், அதையும் பாருங்க. ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவுல 0.2 மிமீ கேஜ் சுத்திலும் நுழையணும். கிளட்ச் பிளேட்டை எல்லாம் பெட்ரோல்ல கழுவிடுங்க, வழுக்கினதுக்கு அந்த ஆயில்தான் காரணம்.

கமாண்டோ72:
பம்ப் தேய்ச்சு, சீல் மாத்தி, ஸ்டட்ல 0.8 மிமீ வாஷர் போட்டுப் பூட்டியாச்சு. ரெண்டு வாரம் நின்ன பிறகும் 200 மிலி அப்படியே இருக்கு, கிளட்ச் வழுக்கல. ஆனா ராத்திரிக்கு ஒரே ஒரு சொட்டு விழுது. விளிம்பு முழுக்க டால்கம் பவுடர் தூவிப் பார்த்தேன், எங்கேயும் நனையல!

பழையஇரும்பு:
ஸ்டேட்டர் வயரைப் பாருங்க தம்பி. கேஸை விட்டு வெளியே வர இடத்துல ரப்பர் குரோமெட் (வயர் நுழையிற வளையம்) சரியா இருந்தாலும், ஆயில் வயரோட வெளி உறைக்குள்ளயே திரி மாதிரி ஏறி, அந்தப் பக்கம் கனெக்டர் முனையில சொட்டும். உறையோட உள்முனையை ஆயில் தாங்குற சீலண்ட் கொஞ்சம் வெச்சு அடைச்சு ஒரு நாள் காய விடுங்க. சிலிகானுக்கு ஒரு வேலை வேணும்னா, அது இங்கேதான்.

கமாண்டோ72:
கனெக்டரைப் பிரிச்சேன், உள்ளே ஆயில். இன்னைக்கு அடைச்சிடுறேன் அண்ணா.