மறு: ‘டீசல் மருந்து’ வேண்டாம், ‘சேர்பொருள்’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டீசல் எஞ்சின் பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலுக்காக, டீசலோடு கலக்கும் திரவங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று தொடங்கிய இழை நீண்டுகொண்டே போகிறது. வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

> டேங்கில் ஊற்றும் ‘மருந்து’ என்றால் எல்லோருக்கும் புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

புரியும்தான், ஐயா. ஆனால் தவறாகப் புரியும். மருந்து என்றால் கோளாறு வந்தபின் கொடுப்பது, கொடுத்தால் குணமாவது. தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ குழி விழுந்த வால்வையோ டேங்கில் ஊற்றும் எந்தத் திரவமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. இவை பெரும்பாலும் வருமுன் காப்பவை. அதுவும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்பவை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கெடுதல் செய்வதும் உண்டு. எரிபொருளில் சோடியம் உப்பு சிறிதளவு கலந்திருக்கும்போது அமில வகைத் துருத்தடுப்பான் சேர்ந்தால், இரண்டும் வினைபுரிந்து சோப்புப் போன்ற பிசின் உண்டாகும். அது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். ‘மருந்து’ என்று கையேட்டில் அச்சிட்டால், கண்டதையும் வாங்கி ஊற்றும் பழக்கத்துக்கு நாமே முத்திரை குத்தியதாகும்.

> ‘எரிபொருள் ஊக்கி’?

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ‘ஊக்கி’ என்றதும் வேதியியல் படித்தவர்களுக்கு வினையூக்கிதான் நினைவுக்கு வரும். டீசலில் கலக்கும் பொருள்களில் உண்மையான வினையூக்கிகளும் இருக்கின்றன: செரியம், இரும்பு ஆகியவற்றின் சேர்மங்கள். புகைக்கரி வடிகட்டியில் தேங்கும் கரி குறைந்த வெப்பத்திலேயே எரிந்துபோக அவை உதவும். ஆனால் அவற்றின் உலோகச் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால் அவற்றுக்காகவே வடிவமைத்த வண்டிகளைத் தவிர மற்றவற்றில் ஊற்றக்கூடாது. ‘ஊக்கி’ என்ற சொல்லை அந்த வகைக்கு மட்டும் ஒதுக்கி வைப்போம்.

‘சேர்மானம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாடநூலில் ‘சேர்மம்’ என்பது வேதிச்சேர்க்கைக்கு நிலைபெற்றுவிட்டது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

என் பரிந்துரை ‘சேர்பொருள்’. ‘எரிபொருள்’ போலவே இதுவும் வினைத்தொகை. எதையும் வாக்களிக்காத சொல். சேர்க்கப்படுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. செய்யும் வேலையை முன்னால் ஒட்டிக்கொண்டால் வகைப்பெயர் கிடைத்துவிடும்: உயவுச் சேர்பொருள், படிவுநீக்குச் சேர்பொருள், குளிரோட்டச் சேர்பொருள் என்று.

> லூப்ரிசிட்டிக்கு மசகா, உயவா?

நல்ல கேள்வி, அம்மா. லூப்ரிசிட்டி என்பது உரசும் இடத்தில் தேய்மானத்தைத் தடுக்கும் தன்மை. என் ஓட்டு உயவுக்கு. இலங்கைச் செய்திகளில் ‘மசகு எண்ணெய்’ என்றால் சுத்திகரிக்காத கச்சா எண்ணெய். தமிழ்நாட்டில் அதே சொல் கிரீஸையும் எஞ்சின் ஆயிலையும் குறிக்கிறது. இரு பக்கத்தாரும் படிக்கப்போகும் கையேட்டில் அது ஆபத்து. உயவு என்பதற்குப் பழம்பாடல்களில் வருத்தம் என்ற பொருள் உண்டு என்று மறுப்பு வரலாம். இன்று அந்தப் பொருளில் யாரும் வழங்குவதில்லை.

பெயரைவிட இங்கே முக்கியம், உயவுத்திறனைப் பாகுத்தன்மையோடு குழப்பாமல் இருப்பது. டீசல் கெட்டியாக இருப்பது வேறு. உலோகத்தோடு உலோகம் உரசும் இடத்தில் மெல்லிய படலமாக ஒட்டி நின்று தேய்மானத்தைத் தடுப்பது வேறு. உயரழுத்தப் பம்பையும் இன்ஜெக்டரையும் டீசலேதான் உயவிடுகிறது. பெரும்பாலும் அங்கே எஞ்சின் ஆயில் போவதில்லை. கந்தகத்தைக் குறைக்க ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து சுத்திகரிக்கும்போது, உலோகத்தில் ஒட்டி இயல்பாகவே உயவு தந்த துருவச் சேர்மங்களும் கூடவே போய்விடுகின்றன. கந்தகம்தான் உயவு தந்தது என்று பலர் சொல்வது பிழை. கந்தகத்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு இறக்கிய டீசலுக்கு, வெளியே அனுப்பும் முன்பே உயவுச் சேர்பொருள் கலக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இதை அளக்கும் முறையைப் பார்த்தால் இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 200 கிராம் பளுவோடு ஓர் எஃகுத் தட்டின்மேல் வைத்து, 60 டிகிரி வெப்பத்தில் டீசலில் மூழ்கியபடி, நொடிக்கு 50 முறை வீதம் 75 நிமிடம் முன்னும் பின்னும் உரச விடுவார்கள். பிறகு குண்டில் விழுந்த தேய்மானத் தழும்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். டீசலுக்கான ஐரோப்பாவின் இஎன் 590 தரம் அனுமதிக்கும் உச்ச அளவு 460 மைக்ரான். எண் கூடினால் உயவு மோசம் என்று பொருள். ஆகவே ‘உயவுத்திறன் 460’ என்று எழுதுவது தலைகீழ். ‘தேய்தழும்பு 460 மைக்ரான்’ என்றே எழுத வேண்டும். ‘தேய்தழும்பு’ என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

> சீட்டேன் பூஸ்டருக்கு ‘ஆற்றல் கூட்டி’ சரியா?

சரியில்லை. சீட்டேன் எண் என்பது டீசல் எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்கிறது என்பதன் அளவு. அதை உயர்த்தும் இந்தத் திரவம் ஆற்றலைக் கூட்டுவதே இல்லை. டீசல் சிலிண்டருக்குள் பாய்ந்த கணத்துக்கும் பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. அதை ‘பற்றுச் சுணக்கம்’ எனலாம். சுணக்கம் நீண்டால் அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் எல்லாம் ஒரே அடியாக எரியும். அந்த அடிதான் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் கேட்கும் ‘டக் டக்’. எத்தில்ஹெக்சைல் நைட்ரேட் போன்றவை சூட்டில் எளிதாகச் சிதைந்து பற்றுதலை முந்தவைக்கின்றன. ‘சீட்டேன் உயர்த்தி’ போதும். ஏற்கெனவே சீட்டேன் எண் 51க்கு மேல் உள்ள டீசலில் இதைக் கூடுதலாக ஊற்றுவதால் பெரிய பயன் இராது என்பதையும் குறிப்பில் எழுதுவோம்.

அடுத்தது தண்ணீர். என் கவலை முழுக்க இங்கேதான். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்துத் தேக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அடியில் தண்ணீர், மேலே டீசல். பல நாள் கிடந்த டேங்க் என்றால் இரண்டுக்கும் நடுவே வழவழப்பான கருஞ்சாம்பல் ஏடு ஒன்று மிதக்கும். அந்த எல்லைக்கோட்டில்தான் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. தண்ணீர் இல்லையேல் அவை இல்லை. கடையில் ‘தண்ணீர் எடுக்கும்’ திரவம் என்ற ஒரே பெயரில் நேர்மாறான இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று தண்ணீரைத் திரட்டி அடியில் இறக்கும். செப்பரேட்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றது தண்ணீரை டீசலுக்குள்ளேயே நுண்துளிகளாகக் கலக்கி, இன்ஜெக்டர் வழியாக எரிக்கக் கொண்டுபோகும். 2,000 பார் அழுத்தத்தில், சில மைக்ரான் இடைவெளியில் ஓடும் காமன்ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய்) இன்ஜெக்டருக்குள் தண்ணீர் போகவே கூடாது. முதலாவதை ‘நீர்பிரிச் சேர்பொருள்’ என்றும் இரண்டாவதை ‘நீர்கலச் சேர்பொருள்’ என்றும் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே பெயர் தெளிவில்லை என்றால் பம்ப் போய்விடும். ஆல்கஹால் கலந்த வகை இன்னொரு ஆபத்து: டீசல் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலையை அது வெகுவாக இறக்கிவிடும்.

எந்தச் சேர்பொருளை ஊற்றினாலும் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கும் வேலையை விட முடியாது. அதைக் கையேட்டில் சேர்பொருள் அத்தியாயத்துக்கு முன்னால் வைக்க வேண்டும்.

‘சேர்பொருள்’ என்ற பொதுச்சொல்லை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் ஆயிலுக்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கும் அதே சொல் பொருந்துகிறது. ஆயிலில் கரியைத் திரளவிடாமல் மிதக்கவைக்கும் ‘விரவி’ இருக்கிறது. மாற்றிய கொஞ்ச நாளிலேயே டீசல் ஆயில் கறுப்பது அந்த விரவி வேலை செய்வதன் அடையாளம். அமிலத்தை முறிக்கும் காரப் பகுதியும் இருக்கிறது, அது நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். ஆயில் மாற்றுவது தீர்ந்த சேர்பொருள்களைப் புதுப்பிக்கும் வேலையும்கூட. கூலன்ட்டிலும் அப்படித்தான். சிலிண்டரின் உட்குழலான லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் குமிழ்கள் உண்டாகி உடைந்து உடைந்து உலோகத்தையே குழித்துவிடும். ‘குமிழரிப்பு’ என்று சொல்லலாமா? அதைத் தடுக்கும் சேர்பொருள் தீர்ந்த கூலன்ட்டை ஓட்டிக்கொண்டே இருந்தால், டேங்கில் எதை ஊற்றியும் லைனரைக் காப்பாற்ற முடியாது.

கடைசியாக, படிவுகள். இன்ஜெக்டரின் நுனியான நாசிலின் துளையைச் சுற்றி வெளியே படியும் கருப்பைக் ‘கரிப்படிவு’ என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. இன்ஜெக்டருக்கு உள்ளே ஊசித் தண்டில் படியும் மெல்லிய பழுப்புப் படலம்தான் பெயரில்லாமல் நிற்கிறது. துடைத்தால் போகாது, பளபளப்பாக இருக்கும். ‘அரக்குப் படிவு’ என்று எனக்குத் தோன்றுகிறது. பம்ப் பெஞ்சில் (டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் சோதிக்கும் மேசையில்) வேலை பார்ப்பவர்களோடு பழக்கமுள்ளவர்கள், அவர்கள் அதை வாய்ப்பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் பட்டியலில் அதையே முதலில் போட்டு, ‘அரக்குப் படிவு’ என்பதை அடுத்து வைக்கலாம்.