மறு: ‘நிச்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் – ‘வாழ்பங்கு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சூழலியலில் ‘நிச்’ (niche) என்பது ஓர் உயிரினம் தன் சூழலில் எதை எடுத்து, எப்படி வாழ்கிறது என்பதைக் குறிக்கும் சொல். அதற்குத் தமிழில் ‘வாழ்பங்கு’ சரிவருமா என்று கேட்டிருந்தேன்.

‘செயல் வாழிடம்’ பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே, அதை ஏன் தொட வேண்டும் என்று உங்களில் ஓர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. புழக்கத்தில் இருக்கும் சொல்லைக் காரணமில்லாமல் கலைக்கக் கூடாது. ஆனால் இதில் ‘இடம்’ என்பது முன்னால் வந்து நின்றுகொள்கிறது. வாழிடத்துக்கும் செயல் வாழிடத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், அது பெரிய இடம், இது அதற்குள் சின்ன இடம் என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சொல்லே அப்படித்தான் காட்டுகிறது. உங்களில் ஓர் அம்மா முன்வைத்த ‘சூழல் மாடம்’ அழகாக இருக்கிறது, சுவர் மாடத்தைக் குறிக்கும் பிரெஞ்சு மூலத்துக்கும் நெருக்கம். இருந்தாலும் மாடமும் ஓர் இடம்தான்.

1917இல் விலங்கியலர் கிரின்னல் கலிபோர்னியாப் பறவை ஒன்றைப் பற்றி எழுதியபோது இந்தக் கருத்து இடத்தோடு ஒட்டித்தான் இருந்தது. 1927இல் எல்டன் அதைத் தொழில் பக்கம் திருப்பினார்: அந்த உயிர் எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது. 1957இல் ஹட்சின்சன், வெப்பம், உப்பு, இரையின் அளவு என ஓர் இனம் தாக்குப்பிடிக்கும் எல்லா வரம்புகளையும் ஒன்றாகச் சேர்த்ததே நிச் என்றார். நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இத்தனையையும் தாங்க வேண்டும்.

பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஓதம் வற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். ஒரே சேற்றுத் திட்டு. உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், கண்ணில் பட்டதை மேல்மண்ணிலேயே கொத்திக்கொள்ளும். அதற்குக் குட்டை அலகே போதும். பக்கத்தில் உள்ளான்கள் தலையைத் தூக்காமல் ஈரச் சேற்றைக் குத்திக் குத்தித் தடவுகின்றன. கோட்டான் (ஆந்தையல்ல, கரைப்பறவை) வந்தால் நான்கைந்து அங்குல வளைந்த அலகை அடிவரை இறக்கி, வளைக்குள் பதுங்கிய நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கும். நெடுங்கால் உள்ளானோ மற்றவற்றின் கால் எட்டாத தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும். வாழிடம் என்று கேட்டால் நான்குக்கும் ஒரே பதில்தான். வேறுபடுவது எதை எடுக்கிறது, எப்படி எடுக்கிறது, எந்த ஆழத்தில் எடுக்கிறது என்பதுதான்.

அதனால்தான் ‘வாழ்பங்கு’ என்று முன்மொழிகிறேன். கடலூர் மீனவர் ஊர்களில் மீன் விற்ற காசைப் பிரிக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்பார்கள். ‘இந்த வேலையில் உன் பங்கு என்ன’ என்று கேட்டாலும் அதே சொல்தான். செய்யும் வேலையும் கிடைக்கும் கூறும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நிச் என்பதும் அந்த இரண்டும் சேர்ந்ததுதான். வாழ்நாள், வாழ்நிலை மாதிரி வினைத்தொகையாகவும் இயல்பாக நிற்கிறது.

கிளைச் சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன. 1930களில் ரஷ்ய உயிரியலர் காஸ் (Gause) பரமேசியம் என்ற ஒற்றைச் செல் உயிர்களை வைத்துச் செய்த சோதனைகளை எடுத்துக்கொள்வோம். ஒரே உணவுக்கு நின்ற இரண்டு இனங்களில் ஒன்று அழிந்தது. ஆனால் அப்படித் தோற்ற அதே இனத்தை வேறோர் இனத்தோடு வைத்தபோது இரண்டுமே பிழைத்தன, ஏனென்றால் ஒன்று மேலே மிதந்த பாக்டீரியாவையும் மற்றது அடியில் இருந்த ஈஸ்ட்டையும் தின்றது. முதலாவதைப் ‘போட்டி விலக்கல்’ என்றும், இரண்டாவதை ‘வளப் பங்கீடு’ என்றும் சொல்லலாம். பங்கும் பங்கீடும் ஒரே வேரில் இருப்பதால் ஒன்றைப் படித்தவருக்கு மற்றது தானாகப் புரியும். மாடத்திலிருந்து பங்கீட்டுக்கு அப்படி வழி இல்லை.

அடுத்து, சூழலியலர் கானல் (Connell) ஸ்காட்லாந்துக் கரைப் பாறைகளில் கண்டு 1961இல் வெளியிட்டது. பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரான கொட்டலசில் (barnacle) இரண்டு வகை, ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே இருந்ததைச் சுரண்டி எடுத்தபோது மேல்வகை கீழேயும் நன்றாகவே வாழ்ந்தது. அதாவது அதனால் முடிந்தது அதிகம், நெருக்கடியில் அதற்குக் கிடைத்தது குறைவு. முதலாவதை ‘இயல் வாழ்பங்கு’, இரண்டாவதை ‘எய்திய வாழ்பங்கு’ என வைக்கலாம். ‘கிடைத்த’ இன்னும் எளிமைதான். ஆனால் அது கையேந்தி வாங்கியது போல ஒலிப்பதால் எனக்கு ‘எய்திய’ பிடிக்கிறது.

இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன. பங்குச் சந்தை நினைவு வரும் என்பது ஒன்று. ‘வாழ்’ முன்னால் இருக்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பங்கு என்றால் யாரோ உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தது போல இருக்கிறது என்ற மறுப்புதான் கனமானது. இயற்கையில் பிரித்துக் கொடுப்பவர் எவரும் இல்லை. சேற்றில் எல்லாப் பறவைகளுக்கும் முன்கூட்டியே பங்கு வெட்டி வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு மாணவர் நினைத்துவிட்டால் கருத்தே தலைகீழாகிவிடும். இங்கேயும் ‘வாழ்’ என்பதைத்தான் நம்பியிருக்கிறேன்: வாழ்ந்து பெறும் பங்கு, வாழும் முறையால் அமையும் பங்கு. வரையறையின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

தாவரவியல் படித்தவர்கள் ஒன்றைச் சோதித்துச் சொல்லுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னை வாய்க்கால் ஓரத்தில் முட்டுவேர் ஊன்றி நிற்கிறது. வெண்கண்டல் அதற்குப் பின்னால், உப்பு மிகுந்த மண்ணிலும் இலை வழியே உப்பை வெளியேற்றிக்கொண்டு வளர்கிறது. விலங்குகளுக்கு இரை வேறு வேறு என்று சொல்லிவிடலாம், மரங்கள் எல்லாம் ஒரே ஒளியையும் தண்ணீரையும்தானே எடுக்கின்றன? ‘வெண்கண்டலின் வாழ்பங்கு’ என்று உங்கள் பாடத்தில் எழுதினால் உப்பைத் தாங்கும் வரம்பும் அதில் அடங்கியதாகப் படிப்பவருக்குப் படுமா, தனியாக விளக்க வேண்டியிருக்குமா?

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து