நேப்பிள்ஸ் மலிவு ஹோட்டல்: லிஃப்டுக்குப் பத்து சென்ட் என்பது அழகா, அடாவடியா?

கணக்குப்பிள்ளை:
"குறைந்த செலவில் ஐரோப்பா" திரியில் நாடோடி நம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "இத்தாலியில் நேப்பிள்ஸ் போனால் பழைய நகரத்துக்குள் மலிவான ஹோட்டலில் தங்குங்கள். லிஃப்டில் பத்து சென்ட் போட்டு மேலே ஏறுகிற சுகத்துக்கு எந்த நட்சத்திர ஹோட்டலும் ஈடாகாது." கீழே வரிசையாக இதயக்குறிகள்.

அந்தச் சுகத்தை நானும் அனுபவித்தேன். முன்பதிவுப் பக்கத்தில் "லிஃப்ட் உண்டு" என்று பச்சை டிக் போட்டிருந்தது. அதை நம்பித்தான் முழங்கால் வலிக்கார அம்மாவை அழைத்துப் போனேன். ராத்திரி பதினொன்று மணி. எரிமலைக் கல் பாவிய சந்தில் பெட்டியை உருட்டினால் சக்கரம் கழன்றுவிடும் போலிருக்கிறது. கோட்டைக் கதவு மாதிரி ஒரு மரக்கதவு, அதற்குள் குனிந்து போக ஒரு குட்டிக் கதவு. உள்ளே முற்றம், நாலைந்து ஸ்கூட்டர், மூலையில் இரும்புக் கூண்டுக்குள் லிஃப்ட். ஏறி நின்று பொத்தானை அமுக்குகிறேன், அசையவில்லை. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் ஒரு துளை, மேலே பேனாவால் "10" என்று எழுதிய ஒட்டுத்தாள். கையில் இருந்தது ஐம்பது யூரோ நோட்டும் ஓர் இருபது சென்ட்டும். இருபதைப் போட்டால் கீழே துப்புகிறது. ஹோட்டல்காரன் நான்காம் மாடியிலிருந்து இண்டர்காமில் "பத்து சென்ட், பத்து சென்ட்" என்கிறானே தவிர இறங்கி வரவில்லை. எதிர் பாரில் காபி வாங்கிச் சில்லறை மாற்றிக்கொண்டு வந்தேன். அதுவரை அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

இதில் சுகம் எங்கே இருக்கிறது, நம்பி சார் விளக்கட்டும்.

நாடோடி நம்பி:
பிள்ளைவாள், வணக்கம். இத்தனை பெரிய திரி பத்து சென்ட்டுக்கா? நம்ம ஊர்க் காசில் ஒரு டீ வராது.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், கோபம் தணியும். ஸ்பானிய ஆளுநர்கள் காலத்தில் மதிலுக்கு வெளியே வீடு கட்டத் தடை இருந்தது. ஜனம் பெருகியது, இடம் பெருகவில்லை. அதனால்தான் அந்த நகரம் மேல்நோக்கி வளர்ந்தது. பழைய கட்டடங்கள் எல்லாம் ஐந்து மாடி, ஆறு மாடி. லிஃப்ட் பின்னால் வந்தது, முற்றத்திலும் மாடிப்படிக் கிணற்றிலும் இடுக்கி வைத்தார்கள். நீங்கள் தங்கியது தனி ஹோட்டல் கட்டடம் இல்லை. ஒரு பழைய மாளிகையின் ஒரு மாடி மட்டும் ஹோட்டல். மற்ற மாடிகளில் குடித்தனக்காரர்கள், வக்கீல், பல் வைத்தியர். லிஃப்ட் எல்லோருக்கும் பொது. அதன் பராமரிப்புக்குத்தான் அந்தப் பெட்டி. ஹோட்டல்காரனுக்கு அதில் ஒரு காசு போகாது.

கணக்குப்பிள்ளை:
யார் பெட்டிக்குப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. என் பையிலிருந்து போகிறது. "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தானா இல்லையா?

வம்புக்காரன்:
லிஃப்ட் இருந்ததே தலைவரே. இல்லை என்று யார் சொன்னது?

கணக்குப்பிள்ளை:
வம்பு, நீ சும்மா இரு. "தண்ணீர் உண்டு" என்று போட்டுவிட்டுக் குழாயில் உண்டியல் வைத்தால் ஒத்துக்கொள்வாயா?

லதா_திருச்சி:
நாங்களும் அந்த ஊரில் தங்கினோம், துறைமுகத்துக்கு மேலே ஒரு சந்து. எங்கள் லிஃப்டிலும் பெட்டி இருந்தது. ஆனால் ஹோட்டல் பெண் அறைச் சாவியோடு லிஃப்ட் சாவியும் கொடுத்துவிட்டாள். எங்களுக்குப் பைசா செலவில்லை. ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், கேட்டு வாங்க வேண்டும் அண்ணா.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்றை யாருமே சொல்லவில்லை. அத்தனை மலிவான அறையிலும் பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்கிற தொட்டி, இருந்தது! பாரிஸில் இரண்டு மடங்கு கொடுத்தும் காகிதம்தான். நம்ம ஆட்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாடோடி நம்பி:
சரியாகச் சொன்னீர்கள் லதா. இத்தாலியில் 1975-ல் சட்டமே போட்டார்கள், குளியலறை என்றால் பிடே இருக்க வேண்டும் என்று. பக்கத்துக் கசெர்த்தா அரண்மனையில் ராணி மரியா கரோலினாவின் பிடேயை இன்றும் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அந்த 1975 ஆணை குடியிருப்பு வீடுகளுக்கு. வீட்டுக்கு ஒரு குளியலறையிலாவது பிடே வேண்டும் என்பதுதான் அதில் இருப்பது. ஹோட்டலுக்கு என்று எங்கே இருக்கிறது? நம்பி சார் எதையும் அரைகுறையாகப் படித்துவிட்டு அழகாக எழுதுவார், அதுதான் பிரச்சினையே. பிடேக்குக் காசுப் பெட்டி வைக்காமல் விட்டார்களே, அதுவரை சந்தோஷம்.

லதா_திருச்சி:
நான் பிடே இருந்தது என்றுதான் சொன்னேன். சட்டம் பேசவில்லை.

நாப்போலிவாசி:
வணக்கம். நான் இங்கேதான் இருக்கிறேன், நேப்பிள்ஸில். இலங்கை ஆட்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கினம், தெரிந்திருக்கும். எங்களுடைய கட்டடத்திலும் பெட்டி உண்டு. குடியிருக்கிற ஆட்களிடம் திறப்பு, அதுதான் சாவி, இருக்கும், அதைப் போட்டால் காசு வேண்டாம். வெளியிலிருந்து வருகிற ஆட்கள் குத்தி, அதாவது சில்லறைக் காசு, போட வேணும். விருந்தாளி வந்தால் நானே கீழே போய்த் திறப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன். எல்லாக் கட்டடத்திலும் இப்படி இல்லை. நிறைய இடங்களில் பெட்டியைக் கழற்றியும் போட்டார்கள். இதிலே சண்டை பிடிக்க என்ன இருக்கு அண்ணை?

கணக்குப்பிள்ளை:
நன்றி சகோதரரே. நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்: விருந்தாளி வந்தால் கீழே போய்க் கூட்டி வருகிறீர்கள். நான் காசு கொடுத்த விருந்தாளி. என்னை ஏன் கூட்டிப் போக ஆள் வரவில்லை? "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தானா இல்லையா?

நாப்போலிவாசி:
நான் அப்படி ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை அண்ணை.

நாடோடி நம்பி:
முன்பின் தெரியாத ஒருவர் வந்து குடிக்கட்டும் என்று இன்னொரு காபிக்கும் காசு வைத்துவிட்டுப் போகிற வழக்கம் உள்ள ஊர் அது. காஃபே சொஸ்பேசோ என்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர்களைப் பார்த்துப் பகல் கொள்ளை என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

கணக்குப்பிள்ளை:
நான் "கொள்ளை" என்ற சொல்லையே எழுதவில்லை, மேலே போய்ப் பாருங்கள். நீங்களாகச் சேர்க்கிறீர்கள். தெரியாதவனுக்குக் காபிக்குக் காசு வைக்கிற புண்ணியவான்கள் லிஃப்டுக்கும் ஒரு பத்து சென்ட் வைத்துவிட்டுப் போகலாமே? ஒருத்தன் வைக்கவில்லையே? எங்கம்மா அரை மணி நேரம் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தாரே!

வம்புக்காரன்:
முதலில் காபி வாங்கிவிட்டு வந்தேன் என்றீர்கள். இப்போது அரை மணி நேரம். அந்த ஊர்க் காபி இரண்டு வாய், நின்றபடியே குடித்துவிட்டு வரலாம். உட்கார்ந்து குடித்தீர்களோ? மேசையில் உட்கார்ந்தால் அதற்குத் தனி விலை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஐம்பது யூரோ நோட்டைப் பார்த்ததும் பார்காரன் முகத்தைச் சுளித்தான். சில்லறை பொறுக்க நேரமாகாதா? உனக்கெல்லாம் வயதான பெற்றோருடன் பயணம் செய்த அனுபவம் இருந்தால் இப்படிப் பேசமாட்டாய்.

வம்புக்காரன்:
பெற்றோரை இழுக்காதீர்கள். பத்து சென்ட் காசின் மறுபக்கம் பார்த்திருக்கிறீர்களா? இத்தாலி அச்சடிப்பதில் பொத்திச்செல்லி வரைந்த வீனஸ் முகம் இருக்கும். தேவியையே பெட்டியில் போட்டு ஏறியிருக்கிறீர்கள், புலம்புகிறீர்கள்.

தென்காசிச் சாரல்:
ஒரு சந்தேகம். இறங்கும்போதும் காசு போட வேண்டுமா? அடுத்த மாதம் போகிறோம்.

நாடோடி நம்பி:
வேண்டாம். ஏறும்போது மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை:
வேண்டும். நான் இறங்கவும் போட்டிருக்கிறேன்.

நாடோடி நம்பி:
அது நீங்கள் அவசரப்பட்டுப் போட்டிருப்பீர்கள். போடாமல் அமுக்கிப் பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
என்னை முட்டாள் என்கிறீர்களா? பெட்டி மேலேயும் இருந்தது. அலங்காரத்துக்கா வைத்திருப்பான்?

நாப்போலிவாசி:
கட்டடத்துக்குக் கட்டடம் வித்தியாசம் என்று முதலே சொன்னேன். தென்காசி தங்கச்சியோ தம்பியோ, ஐந்து, பத்து, இருபது சென்ட் குத்திகளைக் கொஞ்சம் பிரித்து வைத்திருங்கோ. இன்னொன்று, லிஃப்டின் உள்கதவு இரண்டையும் ஒழுங்காகச் சாத்த வேணும். மேல் மாடியில் யாராவது கதவைச் சரியாகச் சாத்தாமல் போனால் லிஃப்ட் அங்கேயே நிற்கும், கீழே நீங்கள் எவ்வளவு காசு போட்டாலும் வராது. அப்ப படியில்தான் ஏற வேணும்.

தென்காசிச் சாரல்:
நன்றி அண்ணா. தம்பிதான். ரயில் நிலையம் பக்கம் தங்கலாமா, பழைய நகரமா?

லதா_திருச்சி:
பொம்பெய் இடிபாடுகளைப் பார்க்கப் போவதாக இருந்தால் நிலையம் பக்கம் வசதி. வெசுவியஸ் எரிமலையைச் சுற்றி ஓடுகிற சின்ன ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது, முக்கால் மணிக்குள் பொம்பெய் வாசலில் இறக்கிவிடும். கூட்டம் பிதுங்கும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

நாடோடி நம்பி:
நிலையம் பக்கம் தங்கினால் நேப்பிள்ஸைப் பார்த்ததாகவே கணக்கில்லை. ஸ்பாக்கநாப்போலி, திரிபுனாலி தெருக்கள் கிரேக்கர்கள் போட்ட கோட்டிலேயே இன்றும் ஓடுகின்றன. 1995-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மலிவு அறையில் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் பாட்டி கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்குவதைப் பார்க்கலாம். வெர்ஜீனி தெருவில் 1738-ல் கட்டிய ஸ்பானியர் மாளிகையின் மாடிப்படி இருக்கிறதே, பருந்து சிறகை விரித்த மாதிரி இரண்டு பக்கமும் ஏறும். அந்தப் படியைப் பார்த்தவன் லிஃப்டைப் பற்றிப் பேசவே மாட்டான்.

கணக்குப்பிள்ளை:
கூடையில் பாட்டி காய் வாங்குகிறார், சரி. எங்கம்மாவையும் கூடையில் வைத்து ஏற்றியிருக்கலாம் என்கிறீர்கள். மாடிப்படி அழகு என்று எழுதுகிறவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது.

தெரு பெயரும் தப்பு. வெர்ஜீனி தெரு இல்லை, வெர்ஜினி.

நாடோடி நம்பி:
ஒரு எழுத்து! இத்தனை எழுதியதில் ஒரு எழுத்துதான் கிடைத்ததா? இவர் ஏதென்ஸ் திரியிலும் இப்படித்தான். காலை உணவில் முட்டை ஒன்றுதானா என்று ஆரம்பித்துத் திரியையே பூட்ட வைத்தார். அக்ரோபோலிஸ் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுத முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்தத் திரியைப் பூட்டியது நீங்கள் என்னைக் "கஞ்சப்பிசினாறி" என்றதால். மட்டுறுத்துனர் அழித்துவிட்டார், என்னிடம் படம் இருக்கிறது. வேண்டுமானால் போடட்டுமா?

மட்டுறுத்துனர்:
பழைய திரிகளை இங்கே இழுக்க வேண்டாம். தலைப்புக்குள் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தலைப்பிலிருந்து நான் ஒரு அடிகூட நகரவில்லை. பிடேயும் வீனஸும் கொண்டுவந்தது யார்? என் கேள்வி அன்றும் இன்றும் ஒன்றுதான். "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தானா இல்லையா? அறை வாடகையைப் பதிவின்போதே வாங்கிக்கொண்டான். போனதும் நகர வரி, தலைக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கமாகக் கேட்டான். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? முன்பதிவுப் பக்கத்தில் எழுதியிருந்தது. பத்து சென்ட்டையும் எழுதியிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். எழுதவில்லை!

லதா_திருச்சி:
கொடுத்துவிட்டீர்களே அண்ணா.

கணக்குப்பிள்ளை:
வேறு வழியில்லாமல் கொடுத்தது கொடுத்தது ஆகாது.

வம்புக்காரன்:
அப்படியே மரடோனாவையும் ஒரு பிடி பிடித்துவிடுங்கள். 1984-லிருந்து 1991 வரை அந்த ஊரில் கால்பந்து ஆடினார், அவர் எந்த லிஃப்டில் ஏறினார், காசு போட்டாரா என்று.

நாடோடி நம்பி:
வம்பு, ஸ்பானியர் குடியிருப்பில் இருக்கிற அந்தப் பெரிய மரடோனா சுவரோவியத்தைப் பற்றித் தனித் திரி போடலாம். இங்கே போட்டால் அதற்கும் பில் கேட்பார்.

தென்காசிச் சாரல்:
எல்லோருக்கும் நன்றி. நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை போய்ச் சேர்கிறோம், மறுநாள் பொம்பெய். போய்ச் சேர்கிற செவ்வாயன்றே அருங்காட்சியகமும் முக்காடிட்ட கிறிஸ்து சிலையும் பார்த்துவிடலாம் என்று யோசனை.

நாப்போலிவாசி:
ஐயோ தம்பி, செவ்வாய்க்கிழமை இரண்டும் பூட்டு. தொல்லியல் அருங்காட்சியகமும் பூட்டு, அந்தச் சிலை இருக்கிற சான்செவேரோ சிற்றாலயமும் பூட்டு. நாளை மாற்றுங்கோ.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா! நானும் செவ்வாய்க்கிழமைதான் போய் நின்றேன். ஹோட்டல்காரன் காலையில் "எங்கே போகிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே கேட்டான், அருங்காட்சியகம் என்றேன், "நல்லது, நல்லது" என்றான். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அம்மாவை அழைத்துக்கொண்டு போக்குவரத்துக்குக் கொடுத்ததெல்லாம் தண்டம்.

நாடோடி நம்பி:
அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை என்பது அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. கதவிலும் ஒட்டியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எந்தக் கதவில்?