பதில்: 'டிஃபரன்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது, நடுவில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் குழம்பிவிட்டன. முதல் மடலில் கேட்டது 'டிஃபரன்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்பதற்கு, அதாவது ஒரே வகுப்பில் மாணவருக்கு மாணவர் கற்பித்தலை மாற்றிக்கொள்வதற்கு, நம் சொல்லடைவில் ஏற்ற ஒரு தமிழ்ச் சொல். இரண்டு மடல் தாண்டுவதற்குள் பேச்சு 'லேர்னிங் ஸ்டைல்ஸ்' பக்கம், அதாவது ஆளுக்கொரு கற்கும் விதம் உண்டு என்ற கோட்பாட்டின் பக்கம், போய்விட்டது. அப்புறம் வந்த பரிந்துரைகளில் பாதி இதற்கு, பாதி அதற்கு.

'லேர்னிங் ஸ்டைல்' என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'கற்றல் பாணி' ஏற்கெனவே புழங்குகிறது, அதுவே போதும். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்தும் எழுதியும் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிக்கும் 'வார்க்' முறையை நீல் ஃபிளெமிங் 1992இல் முன்வைத்தார். இப்படிப்பட்ட பாகுபாடுகள் ஏராளம். 2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் தேடியபோது 71 மாதிரிகள் கிடைத்தன. ஆனால் 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசிவிட்டு, மாணவரின் பாணியைக் கண்டறிந்து அதற்குப் பொருந்தக் கற்பித்தால் நன்றாகக் கற்பார் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். ஆகவே அது ஒரு கோட்பாட்டின் பெயர், அந்தக் கோட்பாட்டோடு இருக்கட்டும். நாம் தேடும் சொல்லுக்குள் 'பாணி' வரவே கூடாது என்பது என் கட்சி.

அமெரிக்கக் கல்வியாளர் கேரொல் ஆன் டாம்லின்சன் போன்றவர்கள் பேசும் டிஃபரன்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்‌ஷன் இதைவிட அகலமானது. மாணவர் அந்தப் பாடத்துக்கு எவ்வளவு தயார், எதில் ஆர்வம், எப்படிக் கற்கிறார் என்று பார்த்து, பாடப்பொருளையோ வழியையோ மாணவர் செய்து காட்டும் வேலையையோ ஆசிரியர் மாற்றிக்கொள்வது. மாறுவது கற்பித்தல். பிள்ளைக்கு முத்திரை குத்துவதில்லை.

இனி, இழையில் வந்த பரிந்துரைகள்.

> வேறுபடுத்திக் கற்பித்தல் – நேர்ப்பொருள், குழப்பம் இல்லை.

குழப்பம் அங்கேதான். நம்மூரில் 'வேறுபடுத்தி' என்றால் காதில் விழுவது பாகுபாடு. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயிடம் "உங்க பையனுக்கு வேறுபடுத்திக் கற்பிக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன் சார், அவன் என்ன பண்ணான்?" என்றுதான் கேட்பார்.

'தகவமைப்புக் கற்பித்தல்' நல்ல சொல்தான். ஆனால் தகவமைப்பு என்றதும் ஒட்டகமும் சப்பாத்திக்கள்ளியும் நினைவுக்கு வருகின்றன. போக, பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் மென்பொருள்களுக்கு அந்தச் சொல் தேவைப்படும். அதற்கு ஒதுக்கி வைப்போம்.

'நிலைக்கேற்ற கற்பித்தல்' என் இரண்டாவது தேர்வு. ஆசிரியர்களின் வாயில் ஏற்கெனவே இருப்பது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோதே கற்றல் ஏணியும் அட்டைகளுமாக, ஒரே வகுப்பில் ஆளுக்கொரு படியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். எல்லாமே நிலைதான். சிக்கலும் அதுதான்: நிலை என்றால் ஒரே ஏணி, மேலே ஒருவர், கீழே ஒருவர். பிள்ளைகளுக்கு இடையில் இருப்பது அந்த வேறுபாடு மட்டும் இல்லையே.

காசிமேட்டுப் பக்கம் ஓர் ஐந்தாம் வகுப்பில் பார்த்தது இது. கரும்பலகையில் 1/2 + 1/4. ஒரு பையன் மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நான்கும் ஆறு என்று கூட்டி 2/6 என்று எழுதினான். மாலையில் மீன் கடையில் அம்மாவுக்கு உதவி செய்பவன். "அரைக் கிலோ நெத்திலி, கால் கிலோ நெத்திலி, மொத்தம் எவ்ளோ?" என்று ஆசிரியை கேட்டார். யோசிக்காமல் "முக்கா கிலோ" என்றான். பின்னங்களுக்குக் கீழே 'அரை', 'கால்' என்று எழுத்தால் எழுதி, "ஓர் அரையில எத்தனை கால்?" என்றார். "ரெண்டு." அந்த இடத்தில் 1/2 அழிந்து 2/4 ஆனது, மீதியை அவனே போட்டான். பக்கத்தில் இருந்த சிறுமிக்கு எடைக்கணக்கு கைவரவில்லை. அவளுக்குத் தாளை மடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பையன் எந்த நிலை? அரும்பா, மலரா? பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா? இந்தக் கேள்விகளால் ஒரு பயனும் இல்லை. இந்தக் கணக்கை அவன் எந்த வழியாக உள்ளே வாங்குவான் என்பதுதான் ஆசிரியை தெரிந்துகொண்டது. அடுத்த வாரம் கோணம் நடத்தும்போது நெத்திலி உதவாது.

இதற்குச் சரியான சொல் நன்னூலில் இருக்கிறது. பாடம் சொல்லும் முறையைக் கூறும் பவணந்தியார், விரையாமல், வெகுளாமல், முகமலர்ந்து, "கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளம்கொள" நூலைக் கொடுக்கச் சொல்கிறார். கொள்வகை என்றால் கொள்ளும் விதம். என் பரிந்துரை: கொள்வகைக் கற்பித்தல்.

உடனே ஒருவர் அதே நூலின் மாணாக்கர் பட்டியலைக் காட்டுவார் என்று தெரியும். அன்னமும் பசுவும் முதல் மாணாக்கர், மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடை. ஆமாம், இருக்கிறது. (எருமைக்கு வக்காலத்து வாங்க இன்றுவரை ஆளில்லை.) ஆசிரியர் அறையில் 'மெல்லக் கற்போர்' என்று இன்று பிரிப்பதும் ஏறக்குறைய அந்தப் பட்டியல்தான். நான் எடுப்பது மாணாக்கனைத் தரம் பிரிக்கும் இடத்திலிருந்து அல்ல, ஆசிரியருக்கு வேலை சொல்லும் இடத்திலிருந்து.

சொல் கூட்டுத்தொடரில் நிற்கிறதா என்றும் பார்த்தேன். கொள்வகைப் பயிற்சித்தாள், கொள்வகை மதிப்பீடு, "இந்தப் பாடத்தைக் கொள்வகை பார்த்து நடத்தினேன்" என்று பாடக்குறிப்பில் எழுதலாம். 'ஏற்பக் கற்பித்தல்' என்று ஒருவர் சொன்னது அழகுதான், ஆனால் 'ஏற்பப் பயிற்சித்தாள்' என்று எழுதும்போது நொண்டுகிறது.

'கொள்' பழங்காலத்துச் சொல், யாருக்கும் புரியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நெல் கொள்முதல் என்கிறோம். மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று சென்னையில் எல்லோரும் நாளிதழில் படிக்கிறோம். கொள்ளளவு புரிந்தவருக்குக் கொள்வகை புரியும். உயிரியல் வகுப்பில் பையன்கள் 'கொள்ளு' என்று கிண்டல் செய்வார்கள், அது வேறு.

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், 'கொள்வகை ஒன்று, கொள்வகை இரண்டு' என்று யாராவது படிவம் அச்சடித்துப் பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்பது. அதனால் சொல்லடைவில் ஏற்றும்போது "ஒரு மாணவர் ஒரு பாடத்தை உள்வாங்கும் வழி, பாடத்துக்குப் பாடம் மாறக்கூடியது" என்று விளக்கத்தோடு ஏற்றக் கேட்டுக்கொள்கிறேன். கற்றல் பாணி தனிப் பதிவாக இருக்கட்டும், இரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் காட்ட வேண்டாம்.

'ஸ்காஃபோல்டிங்' (கற்பவர் தானே செய்யும்வரை கொடுக்கும் தற்காலிகத் துணை) பற்றி இதே இழையில் கேட்ட நண்பருக்கு: கட்டட வேலையில் கட்டுவது சாரம்தான், ஆனால் 'கற்றல் சாரம்' என்றால் பாடத்தின் சுருக்கம் என்று படித்துவிடுவார்கள். 'சாரக்கட்டு' சரிவருமா? தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.