ஸ்டார் ட்ரெக்: 44 மில்லியன் படம் இழுக்குது, 12 மில்லியன் படம் பறக்குது. எப்படி?

விண்கல்78:
1979-ல வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்' 132 நிமிஷம். எண்டர்பிரைஸ் கப்பலைச் சுத்திக் காட்டவே கிட்டத்தட்ட 5 நிமிஷம் போகுது. அப்புறம் மேகத்துக்குள்ள போற காட்சியில ஆளாளுக்குத் திரையைப் பார்த்து வாயைப் பிளந்துட்டு நிக்கிறாங்க. செலவு சுமார் 44 மில்லியன் டாலர். 1982-ல வந்த 'தி ராத் ஆஃப் கான்' வெறும் 12 மில்லியன் சொச்சம், ஆனா பலரும் உச்சியில வைக்கிறது அதைத்தான். அப்படி என்ன மாத்தினாங்க? நேரா அதைப் போடலாமா, முன்னாடி ஏதாவது பார்க்கணுமா? முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.

பழையரீல்:
பெரிய மாற்றம் எதிராளிதான். முதல் படத்துல பூமியை நோக்கி வர்ற அந்த மேகத்துக்குள்ள இருக்கிற 'வீஜர்'ங்கிற மர்மப் பொருளுக்கு, எண்டர்பிரைஸ் கேப்டன் கிர்க் மேல எந்தப் பகையும் கிடையாது. கேப்டன் என்ன முடிவெடுத்தாலும் கப்பல் உள்ள இழுக்கப்படத்தான் போகுது. அதான் நடிகர்களுக்கு வேடிக்கை பார்க்கிறதைத் தவிர வேலை இல்ல. அடிப்படையில அது ஒரு டிவி தொடரோட தொடக்கக் கதை. 'ஃபேஸ் டூ'ன்னு திட்டமிட்ட தொடர் கைவிடப்பட்டதும் அதையே இழுத்து சினிமா ஆக்கிட்டாங்க.

ரெண்டாவதை பாரமவுண்ட் ஸ்டுடியோ ஒரு டிவி தயாரிப்பாளர்கிட்ட, ஹார்வ் பென்னட்கிட்ட, கொடுத்தது. அவர் பழைய ஸ்டார் ட்ரெக் டிவி தொடரோட எபிசோடுகளை எல்லாம் உக்காந்து பார்த்து, 1967 பிப்ரவரியில ஒளிபரப்பான 'ஸ்பேஸ் ஸீட்'ல கிர்க் நாடு கடத்தின கான்ங்கிற வில்லனை எடுத்துக்கிட்டார். பகைக்கான காரணம் 15 வருஷமா தயாரா இருந்திருக்கு. இயக்குநர் நிக்கோலஸ் மேயர் வந்தப்போ ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத பல வரைவுகள் கையில. ஒவ்வொண்ணுலயும் தேறினதைப் பொறுக்கி 12 நாள்ல ஒரே திரைக்கதையா எழுதினார். டைட்டில்ல அவர் பேர் எழுத்தாளரா வராது.

பார்க்கும்போது முதல் தாக்குதலைக் கவனிங்க. கான் கைப்பற்றி ஓட்டிட்டு வர்ற ரிலையன்ட்டை, நம்ம படைக் கப்பல்தானேன்னு நம்பி கிர்க் ஷீல்டை (பாதுகாப்புக் கவசத்தை) போடாம இருக்கார். இளம் அதிகாரி சாவிக் விதியைச் சொல்லியும் கேக்கல. அடி விழுது, தப்பு கிர்க்கோடது. தப்பிக்கிறதும் பீரங்கியால இல்ல. படைக் கப்பல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரகசிய எண் உண்டு, ரிலையன்ட்டுக்கு 5 இலக்கம். அதை அனுப்பி எதிரியோட ஷீல்டை இங்கிருந்தே இறக்கிடுறாங்க. அந்த நெருக்கடியில கிர்க்குக்கு மூக்குக்கண்ணாடி போட்டாத்தான் கட்டுப்பாட்டுப் பலகை தெரியுது. வயசாயிடுச்சுன்னு நாலு பக்க வசனம் எழுதியிருந்தாலும் இவ்வளவு தைக்காது.

இன்னொண்ணு, கிர்க்கும் கானும் படம் முழுக்க நேருக்கு நேர் சந்திக்கறதே இல்ல. எல்லாம் திரை வழியாத்தான். ஆனா பார்த்து முடிச்சவங்களுக்கு அது ஞாபகமே வராது.

கணக்கப்பிள்ளை:
44-ஐயும் 12-ஐயும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறது நியாயமில்லை தலைவரே. அந்த 44-ல கைவிட்ட டிவி தொடரோட செலவும் ஏறியிருக்கு. முதல்ல அமர்த்தின எஃபெக்ட்ஸ் குழுவை நடுவுல மாத்தி, டக்ளஸ் ட்ரம்புலும் ஜான் டைக்ஸ்ட்ராவும் அவசரமா முடிச்சுக் கொடுத்த செலவும் இருக்கு. ரிலீஸ் தேதி டிசம்பர் 7, தள்ள முடியாது. அதனால இயக்குநர் ராபர்ட் வைஸுக்கு ஆடியன்ஸோட ஒரு தடவை போட்டுப் பார்த்து வெட்ட நேரமே கிடைக்கல. இழுவைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ரெண்டாவது படம் அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்ட தம்பி. எண்டர்பிரைஸ் மாடல் பழசு. கப்பல் துறையை விட்டுக் கிளம்புற காட்சியில பழைய ஃபுட்டேஜ். ஆரம்பத்துல திரையில வர்ற எதிரிகளான கிளிங்கான்களோட கப்பல்களும் முதல் படத்துல இருந்து வெட்டி எடுத்தது. விண்வெளி நிலையம்? பழைய மாடலைத் தலைகீழாத் திருப்பியது. ரிலையன்ட்டோட பிரிட்ஜ், அதாவது கட்டளை அறைகூட எண்டர்பிரைஸ் செட்டுதான், கொஞ்சம் மாத்தி வெச்சிருப்பாங்க.

தொட்டிமேகம்:
கணக்கு சரி, ஆனா கஞ்சத்தனத்துல மட்டும் கடைசியில வர்ற நெபுலா (விண்மேகம்) சண்டை வந்துடாது. மேயர் அதை நீர்மூழ்கிக் கப்பல் சண்டையா யோசிச்சார். உள்ள போனா ஷீல்டும் கிடையாது, சென்சாரும் குருடு. அடிபட்ட கப்பலுக்கும் நல்ல கப்பலுக்கும் அங்க பலம் ஒண்ணாயிடுது. அதுக்காகவே கிர்க் கானைச் சீண்டி உள்ள இழுக்கிறார். கான் புத்திசாலி, ஆனா மேல கீழன்னு ஒரு திசை இருக்கிறதை யோசிக்கிறதில்ல. எண்டர்பிரைஸ் கீழ இறங்கி, அவனைக் கடந்துபோக விட்டு, பின்னால எழும்புது.

அந்த மேகம் ஒரு தண்ணித் தொட்டி. கீழ உப்புத்தண்ணி, மேல நல்ல தண்ணி. ரெண்டுக்கும் அடர்த்தி வேற, அதனால நடுவுல ஒரு தளம் உண்டாகும். அம்மோனியா கலந்த ரப்பர் பாலைப் பீய்ச்சினா அது அந்தத் தளத்துல பரவிச் சுருளும். கலர் விளக்கைப் போட்டுப் படம் பிடிக்கணும். ரெண்டு தண்ணியும் கலந்துட்டா தளம் போச்சு, தொட்டியைக் காலி பண்ணித் திரும்ப நிரப்பணும்.

உயிரில்லாத கிரகத்தை உயிருள்ளதா மாத்துற 'ஜெனிசிஸ்' கருவியோட செயல்விளக்கம் வரும், சுமார் ஒரு நிமிஷம். முழுக்கக் கம்ப்யூட்டர்லயே செஞ்சது. நெருப்புச் சுவருக்கு வில்லியம் ரீவ்ஸ் உருவாக்கின பார்ட்டிக்கிள் முறை, அதாவது ஏகப்பட்ட சின்னப் புள்ளிகளைச் சேர்த்து தீயைக் காட்டுறது. இதைச் செஞ்ச லூகாஸ்ஃபில்ம் குழுதான் பிற்பாடு பிக்ஸார் ஆச்சு.

விண்கல்78:
நன்றி மக்களே. அப்போ 'ஸ்பேஸ் ஸீட்' பார்த்துட்டுப் போடவா? எந்த வெர்ஷன்?

பழையரீல்:
ஆமா, 50 நிமிஷம்தான், முதல் சீசன்ல இருக்கு. அப்புறம் தியேட்டர் வெர்ஷன், 113 நிமிஷம். டைரக்டர்ஸ் கட் 3 நிமிஷம் கூட. அதுல இன்ஜின் அறைப் பையன் ஒருத்தன் தலைமை இன்ஜினியர் ஸ்காட்டிக்கு என்ன உறவுன்னு சொல்லிடுவாங்க, ஸ்காட்டி ஏன் அப்படி உடையறார்னு புரியும். எது போட்டாலும் பழுதில்ல.

ஒரு ஓட்டை மட்டும் கண்ணை உறுத்தும். கான், கிர்க்கோட பழைய அதிகாரி செக்காவைப் பார்த்ததும் அடையாளம் சொல்லுவான். ஆனா செக்காவ் தொடருக்குள்ள வந்ததே ரெண்டாவது சீசன்லதான்.

கணக்கப்பிள்ளை:
கான் ஏறின சமயம் அவர் வேற ஷிஃப்ட்ல இருந்தார்னு வெச்சுக்கங்க. 😄